கருப்பசாமி பூட்ஸைக் கழற்றிய இடம்

கர்னல் சார், சிப்பாய் கருப்பசாமியைப் பற்றி உங்கள் புத்தகத்தில் நீங்கள் எழுதியிருப்பது பொய். தெரிந்து எழுதினீர்களா, விசாரிக்காமல் எழுதினீர்களா என்பது எனக்குத் தெரியாது. பொய் என்பது மட்டும் தெரியும். நான்கு நாள் அலைந்து தெரிந்துகொண்டேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஓய்வு பெற்ற ஹவில்தார். சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். எங்கள் பட்டாலியனின் பழைய ஆட்கள் விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடப்போகிறார்கள். இந்த மாவட்டத்திலிருந்து போய்ப் போரில் செத்தவர்களின் பெயர்களை வெட்டிய கல் ஒன்றைத் திறக்கப்போகிறார்கள். அதே நாளில் கர்னல் எழுதிய பட்டாலியன் வரலாறு இரண்டாம் பதிப்பாக வருகிறது. அதைச் சிவகாசியில் அச்சடித்து வாங்கி வரும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

சிவகாசியில் இறங்கியதும் அச்சகத்துக்குப் போனேன். காலண்டர் சீசன். திரும்பின பக்கமெல்லாம் முருகனும் லட்சுமியும் ஈரத்தோடு அடுக்கிக் கிடந்தார்கள். எங்கள் புத்தகம் அந்தச் சாமிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றது. மெஷின் ஓட்டுகிறவர் ஒரு தாளை எடுத்து வந்து என் முன்னால் போட்டார்.

"அண்ணாச்சி, இந்தக் கருப்பசாமி எங்க அச்சங்குளத்து ஆளாச்சே. இதப் போய் அடிக்கச் சொல்றீகளே."

"எழுதினது கர்னல். நான் புத்தகத்தைத் தூக்கிட்டுப் போக வந்தவன்" என்றேன்.

"தூக்கிட்டுப் போறவருக்குப் படிக்கத் தெரியுமில்ல?"

படித்தேன். வங்கதேசப் போரில் நடந்தது. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சணல் கிடங்கு. அதில் எதிரி என்ன வைத்திருக்கிறான் என்று வேவு பார்க்க மூன்று பேர் இரவில் தோணியில் போனார்கள். நாயக் ரங்கசாமி, சிப்பாய் தங்கையா, சிப்பாய் கருப்பசாமி. இரண்டு பேர் திரும்பினார்கள். கருப்பசாமி பூட்ஸைக் கரையில் கழற்றிப் போட்டுவிட்டு, ஊர்க்காரனைப் போல வெறுங்காலோடு ஓடிவிட்டார். விடிந்ததும் கிடங்கின் மேல் பீரங்கி சுட்டது. கிடங்கு வெடித்து எரிந்தது. அப்போது அங்கே கேப்டனாக இருந்தவர்தான் இன்றைய கர்னல். பீரங்கிக்கு இலக்கு சொன்னவர் அவர். புத்தகத்தில் இது அவருடைய பெருமையான பக்கம். ஓடிப்போனவனுக்கு இரண்டு வரி. கல்லில் பெயர் கிடையாது.

"அவுக சம்சாரம் இன்னும் இருக்காக. மக பேச்சியம்மாள் வெடி கம்பெனியில வேல பாக்கா. போய்ப் பாத்துட்டு வந்து, பெறகு அடிக்கச் சொல்லுங்க" என்றார் மெஷின்காரர். எப்படியும் மூன்று நாள் காத்திருக்க வேண்டும். சரி என்று கிளம்பினேன்.

மறுநாள் காலை சாத்தூர் சாலையில் ஒரு வேன் வந்து நின்றது. ஷேர் வண்டி என்று நினைத்து ஏறி உட்கார்ந்துவிட்டேன். உள்ளே எல்லாம் தூக்குச்சட்டி வைத்திருந்த பெண்கள். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது கம்பெனி வண்டி. ஏறிட்டீக, சரி. சட்டப் பையில பீடி, தீப்பெட்டி இருந்தா வெளிய போடுங்க. இல்லன்னா நீங்க இறங்குங்க."

இரண்டுமே இருந்தன. ஜன்னல் வழியாக எறிந்தேன். "போச்சா" என்று ஒரு பெண் சொன்னார். வண்டி முழுக்கச் சிரித்தது. எங்கள் குடியாத்தத்திலும் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டியவர்கள் உண்டு. ஆனால் தீப்பெட்டியைக் கண்டு இப்படி மிரளுகிற ஆட்களை நான் அங்கே பார்த்ததில்லை.

அச்சங்குளத்துக்கு வெளியே கம்பெனி. பொட்டல் வெளியில் தள்ளித் தள்ளிச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கமும் வாசல். சாப்பாட்டு நேரம் வரைக்கும் கேட்டில் உட்கார வைத்தார்கள். பிறகு பேச்சியம்மாளைக் காட்டி, வேப்ப மரத்தடியில் போய்ப் பேசச் சொன்னார் வாட்ச்மேன். நான் குறுக்கு வழியில் ஓர் அறையை ஒட்டி நடந்தேன்.

"அங்கனயே நில்லுங்க." பேச்சியம்மாளின் குரல். அரசாங்கக் குரல் போல இருந்தது. ஐம்பதைத் தாண்டிய பெண், கை முழுக்க அலுமினியப் பொடி. "செருப்புல ஆணி இருக்கா?"

இருந்தது. நல்ல தோல் செருப்பு, ஆம்பூரில் வாங்கியது.

"களத்துங்க. கீழ மருந்து சிந்திக் கெடந்தா ஆணி உரசுனாலே போதும். வாசலுக்கு நேரா விடாதீக. சுவத்த ஒட்டி ஓரமா விடுங்க. எந்திரிச்சு ஓடுறவுகளுக்குக் காலு தடுக்கும்."

இந்தப் பக்கம் வெடி மருந்தை மருந்து என்றுதான் சொல்கிறார்கள். செருப்பை ஓரமாக விட்டேன். சுடுமண்ணில் குதித்துக் குதித்து மரத்தடிக்குப் போனேன். பெண்கள் இரண்டாம் தடவையாகச் சிரித்தார்கள். பேச்சியம்மாள் சிரிக்கவில்லை.

"பட்டாளத்துலருந்து வாரீகளாக்கும். எதுக்கு? இன்னொரு வாட்டி ஓடிட்டான்னு சொல்லவா?"

இல்லை என்றேன். விசாரிக்க வந்தேன் என்றேன். அவர் தூக்குச்சட்டி மூடியில் புளிச்சோறு வைத்து, துவையலைத் தொட்டு வைத்து, என் பக்கம் தள்ளினார். கோபத்தோடு சோறு போடுகிறவர்களை மறுக்கக்கூடாது. சாப்பிட்டேன்.

"எங்கப்பன நான் மொகம் பாத்ததில்ல. பட்டாளத்துக்குப் போறதுக்கு முன்ன அவரும் இதே மருந்து வேலதான். சின்னப்புள்ளயிலருந்து. எங்க வீட்டுக்கு ஊருல பேரு என்ன தெரியுமா? ஓடுனவன் வீடு. என் கல்யாணத்துக்குப் பொண்ணு கேட்டு வந்தவுகளும் அதக் கேட்டுட்டுத்தான் உக்காந்தாக."

"உங்க அம்மா?"

"செத்துட்டாருன்னா ஒரு நாள் வச்சுப் படையல் போடுவோம். இருக்காருன்னா வந்து நிக்கணும். எங்கம்மா ரெண்டுமில்லாம இருக்கா. பொட்டு வைக்கிற அன்னிக்கு, வெக்கங்கெட்டவளுங்கிறாக. வைக்காத அன்னிக்கு, புருசன் இருக்கையிலே என்ன கேடுங்கிறாக. கல்லுல பேரு போடுறது போடாதது ஒங்க இஷ்டம். எங்கம்மாவுக்கு ஒரு பதில் சொல்லுங்க. அவரு ஓடுனாரா இல்லையா?"

மணி அடித்தது. கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

அந்த இரவுப் பயணத்தில் திரும்பி வந்த இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். இரண்டு பேரும் இதே மாவட்டம். கர்னல் சார், உங்களுக்கு இது தெரியும். பென்ஷன் சங்கத்தில் முகவரி இருக்கிறது. புத்தகம் எழுத எத்தனையோ ஜெனரல்களைப் போய்ப் பார்த்ததாக முன்னுரையில் சொல்கிறீர்கள். சாத்தூருக்கு ஒரு பஸ் ஏற உங்களுக்கு முடியவில்லை.

எனக்கு முடிந்தது. தங்கையா சாத்தூர் கடைத்தெருவில் மகனுடைய சேவுக்கடையில் இருந்தார். பீரங்கிச் சத்தத்தில் ஒரு காது போனவர். அதனால் அவர் பேசுவது கடைத்தெரு முழுக்கக் கேட்கும். நான் வந்த காரியத்தைச் சொன்னதும், "வேவு பாக்கப் போனத வேவு பாக்க வந்தீகளா?" என்றார். எதிர்க்கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

ஒரு கை காரச்சேவு அள்ளிக் கொடுத்தார். எங்கள் பக்கத்து மிக்சரெல்லாம் இதன் முன்னால் வெறும் மாவு. தின்றுகொண்டே கேட்டேன்.

தங்கையா கிடங்குப் பக்கமே போகவில்லை. தோணியைப் பிடித்துக்கொண்டு நாணலுக்குள் இருந்தது அவர் வேலை. மற்ற இருவரும் ஆணி பூட்ஸ் சத்தம் கேட்காமல் இருக்கச் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போனார்கள். ரொம்ப நேரம் கழித்துச் சுடுகிற சத்தம். பிறகு ரங்கசாமி மட்டும் ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்து விழுந்தார். காலில் குண்டு. அவரைத் தோணிக்குள் இழுத்துப் போட்டுத் துடுப்புப் போட்டதாகச் சொன்னார்.

"பூட்ஸ்?"

"விடிஞ்சு, கிடங்கு எரிஞ்சு, நம்மாளுக அக்கரைக்குப் போனாக. நானும் போனேன். நாங்க தோணி நிறுத்துன எடத்துலயே கெடந்துச்சு. கருப்பசாமி நம்பர் அடிச்ச பூட்ஸு. நாடாவோட நாடா முடிச்சுப் போட்டு, ஜோடியாக் கெடந்துச்சு. பெறகு விசாரணையில கேட்டாக. பூட்ஸ் எங்க கெடந்துச்சு? கரையில. யாரு பூட்ஸு? கருப்பசாமி பூட்ஸு. சரி போ. அம்புட்டுத்தான் விசாரணை."

ஓடுகிறவன் எதற்கு இரண்டு பூட்ஸின் நாடாவையும் சேர்த்து முடிச்சுப் போடுகிறான்? உதறிவிட்டு ஓட வேண்டியதுதானே? தங்கையாவிடம் கேட்டேன். "அதத்தான் நானும் அன்னிக்கே கேட்டேன். நீ பதில் சொல்ற ஆளு, கேள்வி கேக்கிற ஆளு இல்லைன்னுட்டாக" என்றார்.

ராத்திரி விருதுநகரில் தங்கினேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் புரோட்டாக் கடை. இங்கே புரோட்டாவை எண்ணெயில் முக்கிப் பொரிக்கிறார்கள். எங்கள் ஊரில் இப்படிச் செய்தால் கடைக்காரனைத் திட்டுவோம். எண்ணெயிலா, சாதாவா என்று சப்ளையர் கேட்டார். நான் யோசிப்பதற்குள் பக்கத்து மேசை ஆள், "மீசையப் பாத்தா பட்டாளத்தாரு மாதிரி இருக்கு. சாதா எதுக்குலே? எண்ணெயிலயே போடு" என்றார். அப்பளம் போல நொறுங்கியது. சால்னாவில் பிசைந்து தின்றேன். தப்பாக எதுவும் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள் காரியாபட்டிப் பக்கம். பஸ் பாதி வழியில் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. நாங்கள் எல்லோரும் கருவேல மர நிழலில் உட்கார்ந்தோம். "டிக்கெட்டுக் காசத் திருப்பித் தருவீகளா?" என்று ஒரு அம்மா கண்டக்டரைக் கேட்டார். "மரத்தடியில உக்கார வச்சதுக்கு நீங்கதான் மேக்கொண்டு தரணும், நல்ல காத்து" என்றார் கண்டக்டர். பின்னால் வந்த மக்காச்சோள லாரியில் ஏறி மிச்ச தூரம் போனேன்.

ரங்கசாமி நல்ல நிலபுலன் உள்ள குடும்பம். சோளக்காட்டில் பன்றி புகுந்துவிட்டதென்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வாங்க தம்பி, சாப்பிட்டீகளா?" என்றார். பட்டாலியன் பெயரைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. நான் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

"கரையில களத்திப் போட்டானா? யாரு சொன்னது? அந்த பூட்ஸ அங்கன கொண்டாந்து போட்டதே நான்தான்."

எப்படி என்று கேட்டேன்.

"நாடாவ முடிச்சுக் களுத்துல மாட்டிக்கிட்டு வந்தேன். திரும்பி வருவான், வெறுங்காலோட எப்படி நடப்பான்னு எடுத்தாந்தேன். தோணியில ஏறையில நளுவி விளுந்திருக்கும். எனக்கு நெனவே இல்ல."

இதை ஏன் விசாரணையில் சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"எந்த விசாரணையில? நான் அப்ப ஆஸ்பத்திரியில கெடக்கேன். அங்கனருந்து வேற ஆஸ்பத்திரி. கால் சரியா வராதுன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாக. கருப்பசாமி செத்துட்டான்னுதான் நான் இன்னிவரைக்கும் நெனச்சேன். ஓடிட்டான்னு எழுதி வச்சிருக்கிறது நீங்க சொல்லித்தான் தெரியும்."

என்னால் உட்கார்ந்து கேட்க முடியவில்லை. நடந்து காட்டுங்கள் என்றேன். அவர் வாய்க்காலை ஆறு என்றார். வரப்பை வண்டிப்பாதை என்றார். கிணற்றடியில் இருந்த பம்புசெட் அறையைக் கிடங்கு என்றார். கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் போனார். நான் கருப்பசாமியாகப் பின்னால் போனேன்.

அறைக்குப் பக்கத்தில் வந்ததும் நிறுத்தினார். "இங்கனதான். வாசல் கிட்ட வந்ததும் கருப்பசாமி மோந்து பாத்தான். உடனே குத்தவச்சு, சாக்க அவுத்து பூட்ஸக் களத்துனான். சத்தம் வராம இருக்கக் களத்துறான்னு நெனச்சேன். சாக்குதான் கட்டியிருக்கே, இவனுக்கு என்ன கேடுன்னு மனசுக்குள்ள வஞ்சேன். நீங்களும் களத்துங்க தம்பி."

கழற்றினேன்.

"அங்கன இல்ல. வாசலுக்கு நேரா அவன் வைக்கல. இந்தா, சுவத்த ஒட்டி ஓரமா வச்சான். அந்த இருட்டுலயும் ஜோடி சேத்து வச்சான்."

என் செருப்பை எடுத்துச் சுவரை ஒட்டி வைத்தேன். வைக்கும்போதே பேச்சியம்மாள் கம்பெனியில் சொன்னது காதில் விழுந்தது. கீழே மருந்து சிந்திக் கிடந்தால் ஆணி உரசினாலே போதும். வாசலுக்கு நேராக விடாதே. சின்ன வயதிலிருந்து மருந்து அறைக்குப் போய் வந்த ஆள் கருப்பசாமி. வாடை வந்ததுமே கால் தானாக நின்றுவிட்டது. கை தானாக பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தது. ஓடுவதற்குக் கழற்றவில்லை. உள்ளே போவதற்குக் கழற்றினார். வேறு எந்த ஊர்ச் சிப்பாயாக இருந்தாலும் ஆணி பூட்ஸோடு நுழைந்து அங்கேயே எல்லோரையும் கொன்றிருப்பான்.

ரங்கசாமியிடம் இதைச் சொன்னேன். அவர் கம்பால் வாசலைக் காட்டினார்.

"உள்ள போயிட்டு ஒருக்க வாசல் வரைக்கும் வந்தான். அண்ணே, மருந்து மூட்ட கிளிஞ்சு தரையெல்லாம் சிந்திக் கெடக்கு, நீங்க அங்கனயே நில்லுங்க, எம்புட்டு இருக்குன்னு பாத்துட்டு வாரேன்னான். மறுபடி உள்ள போனான். அப்பத்தான் ரெண்டு காவக்காரங்க அந்தப் பக்கத்து வாசல் வழியா வந்தாங்க. நான் பூட்ஸ எடுத்துக்கிட்டுப் பின்னால நகந்தேன். வரப்பு வரைக்கும் வந்து காத்துக்கிட்டு இருந்தேன். அவன் வரல. என்னப் பாத்துட்டாங்க, சுட்டாங்க."

"உள்ளே சுட்ட சத்தம் கேட்டுதா?"

"இல்ல." கம்பை மாற்றிப் பிடித்தார். "உள்ள யாரும் சுடல தம்பி. அந்த மருந்துக்குள்ள எவன் சுடுவான்? அவன் மூட்டைக்குப் பின்னால பதுங்கியிருப்பான். இல்ல, பிடிச்சுக் கட்டிப் போட்டிருப்பாங்க. உசுரோட இருந்தான். அத மட்டும் என்னால சொல்ல முடியும்."

உயிரோடு இருந்தார். விடிந்ததும் நம் பீரங்கி அந்தக் கிடங்கைச் சுட்டது.

பம்புசெட் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ரங்கசாமி அதை நிறுத்திவிட்டு வந்து சொன்னார். "தோணியில வச்சுத் தங்கையாகிட்டச் சொன்னேன். உள்ள மருந்து இருக்கு, கருப்பசாமியும் உள்ள இருக்கான், கேப்டன்கிட்டச் சொல்லுன்னு. பெறகு எனக்கு நெனவு இல்ல."

வரப்பில் நின்றபடியே தங்கையாவுக்கு போன் போட்டேன். காது கேட்காதவரிடம் கேட்கிற கேள்வியா அது. கத்திக் கேட்டேன். மருந்து இருக்கிறது என்று மட்டும் கேப்டனிடம் சொன்னீர்களா? ஆள் இருக்கிறார் என்றும் சொன்னீர்களா?

வழக்கமாகக் கத்திப் பேசுகிறவர் மெதுவாகப் பேசினார்.

"ரெண்டையும் சொன்னேன். சொன்னேன்னுதான் நெனைக்கேன். வேகமா ஓடிப் போய் மூச்சு வாங்கிக்கிட்டுச் சொன்னேன். கேப்டன் தலைய ஆட்டுனாரு. எதுக்கு ஆட்டுனாருன்னு தெரியல. மருந்துக்கா, ஆளுக்கா? அதத்தான் இம்புட்டு வருசமா நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன் அவில்தாரே."

நான் தங்கையாவைக் குற்றம் சொல்லமாட்டேன். ரங்கசாமியையும் சொல்லமாட்டேன். கேட்டால் சொல்லியிருப்பார்கள். இப்போது கேட்டேன், சொல்லிவிட்டார்கள். ஒரு ஆளைப் பலி கொடுத்தாவது அந்தக் கிடங்கை அழிக்க வேண்டும் என்று ஒரு கேப்டன் முடிவெடுத்திருந்தால், அது கொடுமை, ஆனால் போர். எத்தனையோ பேர் அதனால் பிழைத்திருப்பார்கள். நானும் ராணுவத்தில் இருந்தவன், எனக்கு அது புரியும். முடிவு எடுத்துவிட்டு, செத்தவனை ஓடிப்போனவன் ஆக்குவதுதான் எனக்குப் புரியவில்லை. ஓடிப்போனவன் கிடங்குக்குள் இருக்க முடியாது. அப்படி எழுதிவிட்டால் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள்.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. பேச்சியம்மாள் தாயை இருக்கன்குடிக் கோயிலுக்குக் கூட்டிப்போவதாகப் போனில் சொன்னார். அங்கேயே வாங்க என்றார். ஆற்று மணலில் கூட்டம். மொட்டையடித்த பிள்ளைகள், கரும்பு, புகை. எங்கள் பாலாற்றைப் போலவே இதிலும் தண்ணீரைத் தேட வேண்டியிருந்தது. தாய் சண்முகத்தாயம்மாள் தகரப் பந்தல் ஓரத்தில் மூன்று கல் வைத்துப் பொங்கல் ஏற்றியிருந்தார்.

நான் முதலிலிருந்து சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. மறைத்துச் சொல்ல எனக்கு வராது. அவர் சுள்ளியைத் தள்ளிவிட்டபடியே கேட்டார். பூட்ஸைப் பற்றிச் சொன்னபோது பேச்சியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாய் திருப்பவில்லை.

"ஓடலைல்ல?" என்றார்.

"ஓடலைம்மா."

"பீரங்கி யாரு சுட்டது?"

"நம்ம ஆளுங்கதான்."

பொங்கல் பொங்கி வழிந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் குலவை போட்டார்கள். அவர் அரிசியைக் கிளறிவிட்டு, தீயைக் குறைத்தார்.

"இவரு உள்ள இருக்காருன்னு தெரிஞ்சுதான் சுட்டாகளா?"

"அது ஒருத்தருக்குத்தான் தெரியும்."

"அவருக்கு வயசு என்ன?"

"எண்பது தாண்டிடுச்சும்மா."

"அப்பச் சீக்கிரம் சொல்லச் சொல்லுங்க" என்றார்.

இலையில் சூடாகப் பொங்கல் வைத்துக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு நேராகச் சிவகாசிக்குப் போனேன். எங்கள் புத்தகத்தின் முறை வந்திருந்தது. அந்தப் பக்கத்தை ஓட்ட வேண்டாம் என்றேன். தாள் ஏற்றியாச்சே, யார் நஷ்டம் தருவது என்று முதலாளி குதித்தார். மெஷின்காரர் மெஷினை நிறுத்தினார். சங்கத்திலிருந்து என்னை நீக்கப்போவதாகப் போன் வந்தது. நீக்குங்கள்.

கர்னல் சார், கருப்பசாமி ஓடவில்லை என்பதற்கு இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள். இருவரும் மண்டபத்துக்கு வருகிறார்கள், நானே கூட்டி வருகிறேன். சண்முகத்தாயம்மாளும் மகளும் முன்வரிசையில் உட்காருவார்கள். கல்லைத் திறப்பதற்கு முன்னால் நீங்கள் மேடையில் நின்று ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். எனக்குக் கடிதம் வேண்டாம், சங்கத்துக்கு விளக்கம் வேண்டாம். அந்த அம்மாவைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மைக்கில் சொல்லுங்கள். சுடச் சொன்னபோது, உள்ளே நம் ஆள் இருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?